பழைய வண்டிக்கு ஏன் இந்த விலை?

அட்டாளைச்சேனையில் மாதத்தில் ஒரு நாள் கூடுகின்ற எமது சேமிப்புக் குழுவில் இருபத்திரண்டு பெண்கள் இருக்கிறார்கள். அநேகமானோர் யுத்தத்தில் கணவனை அல்லது மகனை இழந்தவர்கள். கோணாவத்தையிலிருந்தும் பாலமுனையிலிருந்தும் முஸ்லிம் சகோதரிகள் வருவார்கள். ஆலையடிவேம்புப் பக்கமிருந்து தமிழ்ச் சகோதரிகள் ஏழெட்டுப் பேர் பஸ் ஏறி வருவார்கள். சந்தாப் பணத்தை எண்ணி, கொப்பியில் பதிந்து முடிந்ததும் ஒரு மணித்தியாலமாவது கதை நடக்கும். என்னைப் பொறுத்தவரை கூட்டம் தொடங்குவதே அதன் பிறகுதான்.

2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நடந்த ஒரு கூட்டத்தில், வழமையாக வாயே திறக்காத ஒரு ராத்தா தனது கைப்பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இத ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க தங்கச்சி. எல்லாம் ஜப்பான் எழுத்தாக் கெடக்கு."

எனக்கும் ஜப்பான் எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தத் தாளின் நடுவே ஒரு காரின் படம் கோடுகளால் வரையப்பட்டு, கீறல் விழுந்த இடங்களுக்கெல்லாம் அடையாளம் இடப்பட்டிருந்தது. ஜப்பானில் பாவித்த வாகனங்களை ஏலம் விடும் இடத்தில் ஒவ்வொரு வாகனத்துக்கும் எழுதுகின்ற பரிசோதனைத் தாள் அது. சுசூக்கி வேகன் ஆர் கார். வெளியூர்த் தரகர் ஒருவர் ராத்தாவிடம் கொடுத்திருக்கிறார். "ஜப்பானில் இந்தக் கார் எங்கட காசுக்குப் பதினைந்து இலட்சம்தான். இங்கே அறுபதுக்கு மேல் விற்கிறார்கள். பதினைந்தை இப்போதே கட்டினால் இரண்டு மாதத்தில் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் இறங்கிவிடும்" என்பது அவருடைய பேச்சு.

ராத்தாவின் மகனுக்கு இருபத்தாறு வயது. ஒலுவில் பல்கலைக்கழகப் பிள்ளைகளையும் விமான நிலையத்துக்குப் போகும் சனங்களையும் ஏற்றி இறக்கினால் பிழைத்துக்கொள்வான் என்பது தாயின் கணக்கு. பதினைந்து இலட்சத்துக்கு அவரிடம் இருந்தவை, குவைத்தில் எட்டு வருடம் வீட்டு வேலை செய்து சேர்த்த காப்புகளும், வாப்பா கொடுத்த அரை ஏக்கர் வயலும்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆலையடிவேம்பு அக்கா ஒருவர் இடையில் புகுந்தார். "எங்கட தம்பியும் கட்டார்ல பழைய கார் ஒண்டு எடுத்திருக்கான். எங்கட காசுக்குப் பத்து லட்சமாம். அதே கார் இங்க எழுபதாம். ஒரே கார்தானே? ஏன் இப்பிடி? ஆர் நடுவில நிண்டு சாப்பிடுறான்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இருக்கவில்லை. பட்டம் படித்தது சமூகவியல். கார் விலை அதில் எந்த அத்தியாயத்திலும் வரவில்லை. அடுத்த கூட்டத்துக்குள் கேட்டறிந்து வருவதாகச் சொல்லி, அதுவரை ஒரு சதமும் கொடுக்க வேண்டாமென்று ராத்தாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டேன். சுங்கத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் கல்முனைக்குப் போய்க் கேட்டேன். அக்கரைப்பற்றில் கராஜ் வைத்திருக்கும் காக்கா ஒருவரிடமும் கேட்டேன். மீதியை வாசித்தறிந்தேன்.

முதலில் ஜப்பானைப் பார்ப்போம். பழைய கார் அங்கே மலிவாக இருப்பதற்குக் காரணம் அது கெட்டுப்போன கார் என்பதல்ல. அந்த நாட்டில் பழைய காரை வைத்திருப்பதே செலவு. புதிய கார் வாங்கி மூன்று வருடத்தில் ஒரு கட்டாயப் பரிசோதனை, அதன்பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. 'ஷாக்கென்' என்பார்கள். பரிசோதனைக் கட்டணம், பாரத்துக்கான வரி, கட்டாயக் காப்புறுதி, மாற்றச் சொல்கின்ற உதிரிப்பாகங்கள் எல்லாம் ஒரே நாளில் தலையில் விழும். பதின்மூன்று வருடம் கடந்த பெற்றோல் காருக்கு வருடாந்த வரியையும் கூட்டிவிடுகிறார்கள். நகரங்களில் காரை நிறுத்த இடம் இருக்கிறது என்பதற்குப் பொலிஸிடம் சான்று காட்ட வேண்டும். பழுதுபார்க்கின்ற தொழிலாளிக்கு அங்கே நல்ல சம்பளம். ஆகவே ஒரு திருத்த வேலைக்கான செலவு சில வேளை காரின் பெறுமதியையே மிஞ்சிவிடும். இவ்வளவையும் யோசித்துப் பார்க்கும் ஜப்பானியக் குடும்பம், அடுத்த பரிசோதனைக்கு முன்னரே காரை விற்றுவிடுகிறது. வாங்க ஆளில்லாமல் விற்பவர்கள் கூடினால் விலை இறங்கத்தானே செய்யும்?

அப்படி இறங்கிய கார்கள்தான் ஏலத்துக்கு வந்து, கப்பலேறி, உலகமெங்கும் போகின்றன. ஆனால் எல்லா நாட்டுக்கும் போக முடியாது. ஜப்பானில் எங்களைப் போல வீதியின் இடது பக்கத்தால் ஓடுகிறார்கள். ஸ்டியரிங் வலது பக்கம். அதனால் அந்தக் கார்கள் இலங்கை, பங்களாதேஷ், கென்யா, தன்சானியா, நியூசிலாந்து போன்ற நாடுகளுக்குப் பொருந்தும். மியன்மார் மட்டும் ஒரு விசித்திரம். 1970இல் வீதியின் வலது பக்கத்துக்கு மாறிய பிறகும் நெடுங்காலம் ஜப்பானின் வலது ஸ்டியரிங் கார்களையே ஓட்டினார்கள். பஸ்ஸிலிருந்து இறங்குபவர் நடுவீதியில் இறங்க வேண்டியதுதான்.

கட்டாரில் இருக்கும் தம்பியின் கதைக்கு இங்கேதான் பதில் கிடைக்கிறது. வளைகுடா நாடுகள் 2003இல் தங்களுக்குள் பொதுவான சுங்கத் தீர்வையாக 5 வீதத்தை வைத்தன. அங்கே கார் உற்பத்தி செய்து பிழைப்பவர்களும் இல்லை, வெளிநாட்டுக் காசுக்குத் தட்டுப்பாடும் இல்லை. வேலை ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்புகின்ற வெளிநாட்டவர்கள் ஒவ்வொரு மாதமும் காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். வெயிலும் மணலும் பட்ட வண்டிக்கு மவுசும் குறைவு. விலை ஏன் ஏறப்போகிறது? "அப்ப அந்தக் காரை இஞ்ச கொண்டுவந்தா?" என்று அக்கா அடுத்த கூட்டத்தில் கேட்டார். கொண்டுவர முடியாது. அது இடது பக்கத்தில் ஸ்டியரிங் உள்ள கார். எங்கள் வீதிக்கு அது ஆகாது. மலிவாக இருக்கும் இடத்துக்கும் விலையாக இருக்கும் இடத்துக்கும் இடையில் சாமான் ஓடித் திரிந்தால்தான் விலை சமப்படும். கார் விடயத்தில் அந்த ஓட்டத்தை மறிப்பதற்கு ஸ்டியரிங் ஒன்றே போதும். அதற்கு மேல் சட்டம், வரி, வயதுக் கட்டுப்பாடு எல்லாம் இருக்கின்றன.

பக்கத்திலுள்ள இந்தியாவும் எங்களைப் போல இடது பக்கத்தால் ஓடும் நாடு. என்றாலும் ஜப்பானின் பழைய கார்கள் அங்கே வெள்ளமாகப் போகவில்லை. பாவித்த காருக்கு நூறு வீதத்துக்கும் மேற்பட்ட தீர்வையை விதித்து வாசலை மூடி வைத்திருக்கிறார்கள். ஏனென்றால் அங்கே சொந்தமாகக் கார் செய்கிறார்கள். மாருதி 800 கார் 1983 டிசம்பரில் வெளிவந்தது. அதிலிருந்து இலட்சக்கணக்கானோர் அந்தத் தொழிலால் சோறு தின்கிறார்கள். சொந்தக் காரே மலிவாகக் கிடைப்பதால் பழையதும் மலிவு. 2009இல் டாட்டா நிறுவனம் நனோ காரை ஒரு இலட்சம் இந்திய ரூபாய் என்று அறிமுகப்படுத்தியது ஞாபகமிருக்கலாம். அன்றைய நாணயப் பெறுமதிப்படி எங்கள் காசில் மூன்று இலட்சத்துக்கும் குறைவு. அதே நனோ 2011இல் இலங்கைக்கு வந்தபோது ஒன்பது இலட்சத்துக்கு மேல் விற்றது.

சிங்கப்பூர் கதை இன்னொரு விதம். அங்கே காருக்கு மட்டுமல்ல, காரை வைத்திருப்பதற்கான உரிமைக்கும் ஏலத்தில் போட்டி போட வேண்டும். 1990இல் தொடங்கிய நடைமுறை. பத்து வருடத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் அந்தத் துண்டுக் கடதாசி 2023இல் ஒரு இலட்சம் சிங்கப்பூர் டொலரையும் தாண்டியது. வீதியில் நெரிசல் வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. எங்கள் நாட்டில் விலை கூடியதற்கு நெரிசலைக் குறைக்கும் நோக்கம் காரணமல்ல என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் நாட்டில் கார் உற்பத்தி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு வாகனமும் டொலர் கொடுத்து வாங்கப்படுவது. அந்த டொலரை உழைப்பவர்கள் யார்? தேயிலை கொய்யும் பெண்கள், ஆடைத் தொழிற்சாலையில் தைக்கும் பெண்கள், எங்கள் ராத்தாவைப் போலக் குவைத்திலும் சவூதியிலும் பாத்திரம் கழுவிய பெண்கள். (அந்த டொலரில் வந்த சொகுசு வாகனத்தில் போகிறவர்களுக்கு இது நினைவிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.) டொலர் கையிருப்புக் குறையும்போதெல்லாம் அரசாங்கம் முதலில் மறிப்பது வாகனத்தைத்தான். வரி சேர்ப்பதற்கும் வாகனத்தைப் போல இலகுவான பொருள் வேறில்லை. ஒளிக்க முடியாது, துறைமுகத்திலேயே பிடித்துக்கொள்ளலாம்.

கல்முனையில் அந்தப் பெரியவர் எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். காரின் விலை, கப்பல் கூலி, காப்புறுதி எல்லாம் சேர்த்துத் துறைமுகத்துக்கு வரும்போது 18 இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2025 பெப்ரவரியில் இறக்குமதி மீண்டும் தொடங்கியபோது இருந்த வீதப்படி சுங்கத் தீர்வை 20 வீதம், அதாவது 3 இலட்சத்து 60 ஆயிரம். அந்தத் தீர்வையின் மேல் மேலதிகக் கட்டணமாக அதில் பாதி, 1 இலட்சத்து 80 ஆயிரம். அடுத்தது உற்பத்தி வரி. இது காரின் விலையைப் பார்ப்பதில்லை, இயந்திரத்தின் கொள்ளளவைப் பார்த்துப் போடப்படுகிறது. கணக்குக்காக 20 இலட்சம் என்று எடுத்தோம். கூட்டினால் 43 இலட்சத்து 40 ஆயிரம். இதற்கு மேல் 18 வீதம் வற் வரி ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம். ஆக மொத்தம் 51 இலட்சத்துக்கு மேல். வரிக்கும் வரி விழுவதைக் கவனியுங்கள். இதற்குப் பிறகுதான் துறைமுகச் செலவு, வங்கி வட்டி, பதிவு, விற்பனையாளரின் இலாபம் எல்லாம்.

"நடுவில நிண்டு சாப்பிடுறான்" என்று அக்கா கேட்டாரே, பெரிய பங்கைச் சாப்பிடுவது திறைசேரிதான். விற்பனையாளரின் பங்கும் சின்னதல்ல. ஆனால் பதினைந்து அறுபதானதற்கு அவர் முழுக் காரணமல்ல.

ஒரே நாட்டுக்குள்ளும் ஆளைப் பொறுத்து விலை மாறியிருக்கிறது. பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும், வைத்தியர்களுக்கும், உயரதிகாரிகளுக்கும் தீர்வைச் சலுகைப் பேர்மிட் கொடுக்கப்பட்ட காலத்தில், அந்தப் பேர்மிட்டையே இலட்சக்கணக்கில் விற்றவர்கள் இருந்தார்கள். முச்சக்கர வண்டிக்குத் தவணை கட்டிய விதவைக்கு எந்தச் சலுகையும் இருக்கவில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவோடு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. கொஞ்ச நாளைக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஏறத்தாழ ஐந்து வருடம் ஓடியது. பொருள் பழசாகப் பழசாக விலை குறைவதுதான் ஊர் வழக்கம். அந்த ஐந்து வருடத்தில் இலங்கையில் பழைய வண்டியின் விலை வருடத்துக்கு வருடம் கூடியது. புதிதாக எதுவும் வராது. இருப்பதைத்தான் கைமாற்ற வேண்டும். அதற்குள் 2022 வந்தது. இருநூறு ரூபாய் அளவிலிருந்த டொலர் அந்த வருடம் மே மாதமளவில் முந்நூற்று அறுபதுக்குப் போனது. பணத்தை வங்கியில் வைத்திருக்கப் பயந்தவர்களும் வாகனத்தை வாங்கிப் போட்டார்கள். தொண்ணூறுகளில் வந்த டொல்பின் வான்கள், ஜப்பானில் என்றைக்கோ இரும்புக்குப் போயிருக்க வேண்டியவை, இங்கே ஆனை விலை குதிரை விலைக்கு விற்றன.

எங்கள் குழுவிலேயே இரண்டு கதைகள் உண்டு. ஒருவர் 2020 ஏப்ரலில், ஊரடங்கில் பட்டினி கிடக்க முடியாமல் மகனின் ஆட்டோவை நாலரை இலட்சத்துக்குக் கொடுத்தார். இன்னொருவர் 2022 கடைசியில், இனி விலை இறங்கவே இறங்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அதைவிடப் பழைய ஆட்டோவைப் பதினான்கு இலட்சத்துக்கு எடுத்தார், பாதிக்கு மேல் வட்டிக் கடனில். எரிபொருளுக்கு கியூஆர் அட்டை இருந்த காலம்; ஆட்டோவுக்கு ஆரம்பத்தில் கிழமைக்கு ஐந்து லீற்றர்தான். ஐந்து லீற்றரில் ஓடி எந்தக் கடனைக் கட்டுவது? ஆறு மாதத் தவணை பிந்தியதும் வண்டி போனது. இருவரும் பக்கத்துப் பக்கத்துத் தெரு. இருவரும் இன்றும் கூட்டத்தில் அருகருகேதான் இருப்பார்கள்.

அக்கரைப்பற்றுக் காக்கா சொன்னதையும் எழுத வேண்டும். "ஜப்பான்காரன் எறியிற காரை நாம முப்பது வருஷம் ஓட்டுறம் எண்டா அதுக்கு நம்மட கூலிதான் காரணம், தங்கச்சி" என்றார். டிங்கர் அடிக்கும் பையனின் ஒரு நாள் கூலி ஜப்பானில் ஒரு மணித்தியாலக் கூலிக்குப் போதாது. ஆகவே பாட்ஸைக் கழுவி, ஒட்டி, கடைந்து மறுபடி போடுவது இங்கே இலாபம். மனித உழைப்பு மலிவான நாட்டில் பழைய இயந்திரம் நீண்டநாள் சீவிக்கிறது.

யுத்தம் இதைவிட விசித்திரமான விலைகளையெல்லாம் எங்களுக்குக் காட்டியிருக்கிறது. 1990க்குப் பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை இருந்த வருடங்களில், மொறிஸ் மைனர், ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். முடுக்குவதற்கு மட்டும் சின்னப் போத்தலிலிருந்து சில சொட்டுப் பெற்றோல். கொழும்பில் எவரும் திரும்பிப் பார்க்காத அந்தக் கார்களுக்கு அங்கே மதிப்பு. நுட்பமான புதிய இயந்திரம் மண்ணெண்ணெயைத் தாங்காது. அதே வருடம் ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் வீடு, கடையோடு வாகனங்களையும் விட்டுவிட்டு வந்தார்கள். 2009இல் முள்ளிவாய்க்காலில் மோட்டார் சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் லொறிகளும் மணலில் குவிந்து துருப்பிடித்துக் கிடந்தன. வாழ்நாள் உழைப்பைப் போட்டு வாங்கியவை. அங்கே அவற்றுக்கு விலையே இருக்கவில்லை.

கடதாசி இல்லாவிட்டாலும் விலை இல்லை. எங்கள் குழுவிலுள்ள அக்கா ஒருவரின் கணவர் காணாமற்போனவர். உழவு இயந்திரம் அவரது பெயரில் இருந்தது. மரணச் சான்றிதழ் எடுக்க அக்காவுக்கு மனம் வரவில்லை. எடுத்தால் அவர் இறந்துவிட்டார் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார். பெயர் மாற்ற முடியாத உழவு இயந்திரத்தை 2011இல் ஒருவர் இரும்பு விலைக்கு வாங்கிப் போனார். 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமையை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறுவதற்கு வழி வந்தது. அது ஐந்து வருடம் பிந்தி வந்தது, அக்காவுக்கு. உங்களில் எவரிடமாவது அப்படியான வாகனம் இன்னும் முற்றத்தில் நின்றால், விற்பதற்கு முன்னர் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒருமுறை விசாரியுங்கள். அதேபோல 'ஓபன் பேப்பர்' என்று வாங்குபவரின் பெயர் எழுதாமல் கையொப்பம் மட்டும் வைத்துக் கொடுக்காதீர்கள், அப்படி வாங்கவும் வேண்டாம். வண்டி விபத்தில் மாட்டினால் பொலிஸ் தேடி வருவது புத்தகத்தில் பெயருள்ள ஆளைத்தான்.

அடுத்த கூட்டத்துக்கு ராத்தா மகனையும் கூட்டி வந்தார். பெரியவர் போட்ட கணக்கை ஒரு பெரிய கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பதினைந்து இலட்சம் என்பது ஏலத்தில் கேட்கும் விலை மட்டும். அதைக் கட்டினாலும் துறைமுகத்தில் முப்பது இலட்சத்துக்கு மேல் வரி கட்டாமல் கார் வெளியே வராது. தரகர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. வாகனம் இறக்குமதி செய்வதென்றால் எல்.சி. எனப்படும் நாணயக் கடிதத்தை வங்கியில் திறக்க வேண்டும். அது யாருடைய பெயரில், எந்த வங்கியில் என்று கேட்கும்படி மகனிடம் சொன்னேன். அவன் அங்கேயே தொலைபேசியை எடுத்து, எல்லோரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டான்.

மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பொம்புளையளுக்கு இதெல்லாம் விளங்காது தம்பி, நான் பின்னேரம் எடுக்கிறன்" என்று பதில் வந்தது. இருபத்திரண்டு பேரும் சிரித்தார்கள். பின்னேரமும் எடுக்கவில்லை, அதற்குப் பிறகும் எடுக்கவில்லை.

ராத்தா வயலை விற்கவில்லை. காப்பில் ஒரு சோடியை மட்டும் கொடுத்து, குழுவில் கொஞ்சம் கடன் எடுத்து, பழைய ஆட்டோ ஒன்றை அக்கரைப்பற்றுக் காக்காவிடம் காட்டிப் பார்த்து வாங்கினார். மைல் மீற்றரை நம்பாதீர்கள், இருக்கையையும் மிதிகட்டையையும் பாருங்கள், தேய்மானம் அங்கே தெரியும் என்று காக்கா சொல்லிக் கொடுத்திருந்தார். பெயர் மாற்றம் பதினான்கு நாளைக்குள் அறிவிக்கப்பட வேண்டுமென்றதும், பன்னிரண்டாம் நாளே கச்சேரிக்குப் போய் வரிசையில் நின்றார். மகனின் பெயரில் எழுதலாமே என்று அங்கிருந்த எழுதுவினைஞர் கேட்டாராம்.

"காப்பு என்ட. அப்ப புத்தகமும் என்ட பேர்ல இருக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டன்" என்றார் ராத்தா.